டிடிடி வளர்த்துவிட்ட சிலந்தி: வேப்பங்கொட்டையின் இருநூறு மூலக்கூறுக் கணக்கு



கோடை வந்தாலே மாடித்தோட்டம் வைத்திருக்கும் நேயர்களிடமிருந்து ஒரே மாதிரி கேள்வி வரும். "கத்திரி இலை வெளுத்துப் புள்ளி புள்ளியா ஆகுது. இலைக்கு அடியில ஒட்டடை மாதிரி மெல்லிசா வலை இருக்கு. வேப்பெண்ணெய் அடிச்சா போகுமா?"

ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், ஒழுங்கா அடிச்சா பெரும்பாலும் கட்டுப்படும். ஆனால் ஏன் கட்டுப்படுகிறது என்று தேட ஆரம்பித்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய வரலாறு. அதில் இலங்கைக் காபித் தோட்டம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போர் இருக்கிறது, போபால் இருக்கிறது, ஐரோப்பாவில் பத்து வருடம் இழுத்த ஒரு காப்புரிமை வழக்கும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: ஒரு செடியின் விஷம் அதில் இருக்கும் ஒரு மூலக்கூறில் இருக்கிறதா, இல்லை மொத்தக் கலவையில் இருக்கிறதா? இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான்.

எட்டுக் கால் எதிரி

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். சிவப்புச் சிலந்தி, சிலந்திப்பேன் என்று நம் விவசாயிகள் சொல்லும் இது பூச்சி கிடையாது. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். முழுசா வளர்ந்தாலே அரை மில்லிமீட்டர்தான். ஊசி போன்ற வாயால் இலையின் செல்களைக் குத்தி, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். காலியான செல்கள்தான் நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளிகள்.

நம்ம பக்கத்துத் தேயிலையைத் தாக்கும் சிவப்புச் சிலந்திக்கு அறிவியல் பெயர் ஒலிகோநைக்கஸ் காஃபியே. தேயிலையைத் தின்பதற்குப் பெயரில் ஏன் காபி? ஏனென்றால் 1861-இல் ஜான் நீட்னர் என்பவர் இதை முதலில் விவரித்தது இலங்கையின் காபித் தோட்டங்களில். தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கால்நடையாகப் போய் உழைத்த அதே தோட்டங்கள். 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் வந்து இலங்கைக் காபி அழிந்தது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. சிலந்தி பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. 1884-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் வுட்-மேசன், அஸ்ஸாம் தேயிலையில் இந்தச் சிலந்தி செய்யும் சேதத்தைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார்.

ஆக, தொந்தரவு பழையது. ஆனால் உலகம் முழுக்க ஆப்பிள், பருத்தி, தக்காளி, ரோஜா என்று எதையும் விடாத பெரிய தலைவலியாக அது மாறியது 1945-க்குப் பிறகுதான். அதற்குக் காரணம் நாம்.

எதிரியை நாமே வளர்த்த கதை

டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939-இல் கண்டுபிடித்தார். அதற்காக 1948-இல் நோபல் பரிசு வாங்கினார். போர் முடிந்ததும் டிடிடி வயலுக்கு வந்தது. புழு, வண்டு எல்லாம் கொத்துக் கொத்தாகச் செத்தன.

ஆனால் டிடிடி சிலந்திப்பேனைப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த பொறிவண்டுகளையும், வேட்டையாடும் மற்ற சின்ன உயிர்களையும்தான் கொன்றது. காவலர்கள் எல்லாரும் போய்விட்டால் என்ன நடக்கும்?

இதற்கு ரேச்சல் கார்சன் 1962-இல் வந்த தன் 'சைலன்ட் ஸ்ப்ரிங்' புத்தகத்தில் ஒரு உதாரணம் தருகிறார். 1956-இல் அமெரிக்க வனத்துறை மேற்கு மாநிலக் காடுகளில் சுமார் 8,85,000 ஏக்கருக்கு டிடிடி தெளித்தது. மரங்களைத் தின்ற ஒரு புழுவைக் கொல்வதுதான் நோக்கம். அடுத்த கோடையில் மேலிருந்து பார்த்தால் காடு பழுப்பு நிறத்தில் கருகிப்போயிருந்தது. வேலையைச் செய்தது புழு இல்லை, சிலந்திப்பேன்.

சரி, சிலந்தியைக் கொல்லத் தனி மருந்து வேண்டும் என்று 1950-களில் டைகோஃபால் வந்தது. அதை எதிலிருந்து தயாரித்தார்கள் தெரியுமா? டிடிடியிலிருந்து. டிடிடி வளர்த்துவிட்ட பிரச்சினைக்கு டிடிடியின் வாரிசே மருந்து. இந்தியத் தேயிலைத் தோட்டங்களிலும் பல பத்தாண்டுகள் அடித்தார்கள். கடைசியில் 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இடையில் இன்னொரு மருந்தையும் சொல்லியாகணும். கார்பரில், கடைப் பெயர் செவின். இதை அடித்தாலும் காவல் உயிர்கள் செத்துச் சிலந்திப்பேன் பெருகும் என்பது பழத்தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் கசிந்த வாயு, இந்தச் செவினைத் தயாரிக்க வைத்திருந்த மீதைல் ஐசோசயனேட். ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பூச்சிமருந்து என்பது வயலோடு முடிகிற விஷயம் இல்லை என்பதை இந்தியா அந்த இரவில் தெரிந்துகொண்டது.

ஏன் எந்த மருந்தும் நிலைக்கவில்லை?

இரண்டு புள்ளிச் சிலந்திப்பேன் என்று ஒரு வகை. அறிவியல் பெயர் டெட்ரானைக்கஸ் அர்ட்டிகே. நல்ல வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு பெண் நூறு முட்டை வரை இடும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கோடைக்குள் எத்தனை தலைமுறை!

இன்னும் சுவாரசியம் அதன் பாலின முறை. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் வரும், கருவுறாத முட்டையிலிருந்து ஆண் வரும். அதனால் ஆணுக்கு ஒவ்வொரு மரபணுவிலும் ஒரே ஒரு பிரதிதான். நமக்கெல்லாம் இரண்டு பிரதி இருப்பதால் ஒன்றில் வந்த மாற்றத்தை இன்னொன்று மறைத்துவிடலாம். இங்கே மறைக்க ஆளில்லை. மருந்தைத் தாங்கும் ஒரு மாற்றம் வந்தால் அந்த ஆண் உடனே பிழைக்கும், உடனே பரப்பும்.

என் வேலையில் சொல்வதென்றால், ஒவ்வொரு மாற்றமும் டெஸ்டிங் கட்டத்தில் காத்திருக்காமல் நேரடியாக ப்ரொடக்ஷனுக்குப் போகிற சிஸ்டம் இது. போரை ஒட்டி வந்த பாராத்தியான் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் முதலில் சிலந்தியை நன்றாகக் கொன்றன. சில ஆண்டுகளிலேயே அமெரிக்கக் கண்ணாடி வீடுகளில் அவை வேலை செய்யாமல் போயின. இன்றுவரை இந்த ஒரு இனம் 90-க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு எதிர்ப்புக் காட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. 2011-இல் இதன் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானது. விஷத்தைச் சிதைக்கும் மரபணுக் குடும்பங்கள் அதில் பெருகிக் கிடந்தன. பல வகைச் செடிகளைத் தின்று, ஒவ்வொரு செடியின் விஷத்தையும் சமாளித்துப் பழகிய உயிர் அது.

இந்தப் பழக்கம் கவனிக்க வேண்டியது. செடியின் விஷம் என்பது இந்தச் சிலந்திக்குப் புதுசு இல்லை. அப்படியிருக்க, செடிச் சாறு எப்படி அதை அடக்கும்?

ஒரு மூலக்கூறைத் தேடி

இப்போது வேப்பமரத்துக்கு வருவோம்.

நவீன வேதியியலில் வேம்பின் கதையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி. 1942-இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் உள்ளிட்ட கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் பாகிஸ்தானின் அறிவியல் அமைப்புகளைக் கட்டியெழுப்பியவரும் இவரே.

1959-இல் ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் சூடானில் இருந்தார். வெட்டுக்கிளிப் படை வந்து எல்லா மரத்தையும் மொட்டையடித்துவிட்டுப் போனது. வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றன. வெட்டுக்கிளிகள் அவற்றில் உட்கார்ந்தன, ஆனால் தின்னாமல் கிளம்பிவிட்டன. அதே காலகட்டத்தில் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதானும் அவரது குழுவினரும் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலந்து பயிரில் தெளித்தார்கள். அந்தப் பயிரை வெட்டுக்கிளி தொடவில்லை. 1962-இல் இதை வெளியிட்டார்கள்.

1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அந்தக் கசப்பின் தலைவனைப் பிடித்தார்கள். பெயர் அசாடிராக்டின். வேம்பின் அறிவியல் பெயரான அசாடிராக்டா இண்டிகாவிலிருந்து வந்த பெயர். இந்த மூலக்கூறு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பூச்சிக்குத் தின்னும் ஆசையையே நிறுத்துகிறது. இரண்டு, தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனைக் குழப்பிவிடுகிறது. தோலுரிக்க முடியாத பூச்சி வளர முடியாது.

இதன் வடிவம் ரொம்பச் சிக்கல். முழுசாகக் கண்டுபிடிக்கவே 1985 வரை ஆனது. ஆய்வகத்தில் அதைச் செய்து காட்ட ஸ்டீவன் லே தலைமையிலான குழுவுக்கு 22 வருடம் பிடித்தது, 2007-இல்தான் முடித்தார்கள். 71 படிகள், கடைசியில் மிஞ்சியது 0.00015 சதவீதம். நம்ம தெருமுனை மரம் ஒவ்வொரு ஆனி, ஆடியிலும் கீழே கொட்டிவிட்டுப் போவதைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த மூலக்கூறு என்பதால், வேம்பு என்றால் அசாடிராக்டின், அசாடிராக்டின் என்றால் வேம்பு என்ற எண்ணம் பரவியது. மருந்து டப்பாக்களிலும் அதன் பிபிஎம் அளவுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

சிலந்திப்பேன் விஷயத்தில் இந்தச் சமன்பாடு இடிக்கிறது. புழுக்கள் மேல் அசாடிராக்டின் காட்டும் வீரியம் சிலந்திப்பேன் மேல் அவ்வளவு இல்லை. அதற்கு மேலே நன்றாக வேலை செய்வது எண்ணெய். அசாடிராக்டினைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தெளிந்த வேப்பெண்ணெயைக் கூட அமெரிக்காவில் பூஞ்சைக்கும் சிலந்திப்பேனுக்கும் மருந்தாகப் பதிவு செய்து விற்கிறார்கள். அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. எண்ணெய்ப் படலம் சிலந்தியின் மூச்சுத் துளைகளை அடைக்கிறது, முட்டை மேல் படிந்து அதன் மூச்சையும் நிறுத்துகிறது. எந்த ஒரு நரம்புப் புரதத்தையும் குறிவைக்காத ஒரு தாக்குதல். ஒரு மரபணுவை மாற்றிக்கொண்டு இதிலிருந்து தப்பிப்பது சிலந்திக்குச் சுலபம் இல்லை.

கலவைக்கு ஒரு சோதனை

"கலவைதான் பலம்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆதாரம் வேணும் இல்லையா?

கனடாவில் ஃபெங், இஸ்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. இது சிலந்தியில் செய்தது இல்லை, அசுவினியில் செய்தது. ஆனால் கேள்வி அதேதான். ஒரே அசுவினி இனத்தை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தூய அசாடிராக்டின். இன்னொன்றுக்கு அதே அளவு அசாடிராக்டின் உள்ள முழு வேப்பங்கொட்டைச் சாறு. தலைமுறை தலைமுறையாக, 40 தலைமுறை வரை தொடர்ந்தார்கள். தூய மருந்து வாங்கிய கூட்டம் 9 மடங்கு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டது. முழுச் சாறு வாங்கிய கூட்டத்தில் எதிர்ப்பு வரவில்லை.

நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உள்ள சாறு அது. இருநூறு என்று வைத்தால்கூட, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுவழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது அசுவினியின் கணக்கு. ஒரு பாஸ்வேர்டை உடைப்பதும், பாஸ்வேர்ட், ஓடிபி, கைரேகை மூன்றையும் ஒரே நேரத்தில் உடைப்பதும் ஒன்றா?

சிலந்திப்பேனிலேயே ஒரு சோதனை உண்டு. அதே இஸ்மன் இருந்த குழு 2006-இல் ரோஸ்மேரி எண்ணெயை எடுத்து, அதன் முக்கியக் கூறுகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இரண்டு புள்ளிச் சிலந்திப்பேன் மேல் பார்த்தது. எல்லாக் கூறுகளையும் சேர்த்தபோதுதான் இயற்கை எண்ணெயின் வீரியம் திரும்பக் கிடைத்தது. சில கூறுகளை விட்டுவிட்டால் வீரியம் குறைந்தது. அதோடு, சிலந்தி எந்தச் செடியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் முடிவு மாறியது. பீன்ஸில் ஒரு கணக்கு, தக்காளியில் இன்னொரு கணக்கு.

எழுதாமல் வைத்த அறிவு

இந்தக் கலவையை நம் விவசாயி எப்போதோ பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆனால் எழுதி வைக்கவில்லை. அதற்கு ஒரு விலை இருந்தது.

1994 செப்டம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் ஒரு காப்புரிமை கொடுத்தது. வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பயிரில் தெளித்துப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு. நாம் மேலே பார்த்த அதே மாதிரி எண்ணெய்தான். 1995-இல் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சி சார்பில் மக்டா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு மூன்று தரப்பும் சேர்ந்து எதிர்த்தார்கள். போபாலுக்குப் பிறகு, வேம்பு நடச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியவர் வந்தனா சிவா.

"எங்க பாட்டி காலத்திலேயே இது உண்டு" என்று சொன்னால் காப்புரிமை அலுவலகத்தில் எடுபடாது. யார், எப்போது, எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து சாட்சிகள் போய்ச் சொன்னார்கள். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடு செய்தார்கள். அதுவும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது. கொடுத்த நாளிலிருந்து பார்த்தால் பத்து வருடத்துக்கும் மேல். வாய்வழியாக மட்டும் இருந்த ஒரு அறிவைக் காப்பாற்ற இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

'இயற்கை' என்ற வார்த்தையில் மயங்காதீங்க

இந்த இடத்தில் "அப்போ செடியிலிருந்து வந்தா எல்லாம் நல்லது" என்று யாராவது ரீல்ஸ் போடுவதற்கு முன்னால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

புகையிலைச் சாறு பல நூற்றாண்டு பழைய செடி மருந்து. அதில் இருக்கும் நிகோட்டின் தோல் வழியாகவே மனிதருக்குள் போய்விடும், கொடிய விஷம். டெரிஸ் வேரிலிருந்து வரும் ரோட்டினோன் இயற்கை மருந்து என்றே பல காலம் விற்றது. 2000-இல் எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது பார்கின்சன் நோய் போன்ற அறிகுறிகள் வந்தன. நம்ம வேப்பெண்ணெய்க்கும் இது பொருந்தும். கைவைத்தியமாகக் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டி, வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததை 1980-களின் தொடக்கத்தில் மலேசிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செடிக்கு அடிப்பது வேறு, குழந்தைக்குக் கொடுப்பது வேறு. தயவுசெய்து கொடுக்காதீங்க.

செடிக்கு அடிப்பதிலும் முறை இருக்கிறது. விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு இப்படித்தான்: 5 கிலோ பருப்பை இடித்து, தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்ப்பது. நாலு தொட்டிக்கு என்றால் 50 கிராம் பருப்பும் ஒரு லிட்டர் தண்ணீரும் போதும். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும், எண்ணெய் இருந்தால் இலையும் கருகும். அதனால் சாயங்காலம் அடிக்கணும், அன்றன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே முடிக்கணும். சிலந்தி பெரும்பாலும் இருப்பது இலைக்கு அடியில், அங்கே நனையாவிட்டால் பிரயோஜனமே இல்லை. முட்டையில் தப்பியவை பொரிந்து வரும் என்பதால் ஐந்தாறு நாள் கழித்து இன்னொரு முறை அடிக்கணும்.

ஒரே தடவையில் எல்லாம் சாகாது என்பது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். டிடிடியின் கவர்ச்சியே ஒரே அடியில் எல்லாம் காலி என்பதுதான். அந்தக் கவர்ச்சிதான் காவல் உயிர்களைக் கொன்று, ஓரமாகக் கிடந்த அரை மில்லிமீட்டர் உயிரை உலகப் பிரச்சினையாக ஆக்கியது. வேப்பஞ்சாற்றின் குறி எண்ணிக்கையைக் குறைப்பது, மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். அடிக்கப் போகும் முன்னால் இலையைத் திருப்பி, பொறிவண்டோ அதன் புழுவோ இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்க. இருந்தால் அந்த இலையை விட்டுவிடுங்க.

அவ்வளவுதான் இந்த வாரம். உங்க ஊரில் வேப்பங்கொட்டை, பூண்டு, இஞ்சி, மிளகாய் என்று வீட்டுப் பெரியவங்க செடிக்கு எதையாவது கரைத்து ஊற்றுவார்கள் என்றால், எவ்வளவு, எப்போது, எந்தச் செடிக்கு என்று அளவோடு கேட்டு, தேதி போட்டு எழுதி அனுப்புங்க. படித்துப் பார்க்க ஆசை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.